உடற்பருமனும் ஒற்றைத் தலைவலியும்

முன்னுரை

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது ஆன்றோர் முதுமொழி. முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் நம் கம்பம் பள்ளத்தாக்கில், வயலுக்கும் திராட்சைத் தோட்டத்திற்கும் நடந்தே சென்று வந்தது ஒரு தலைமுறை. இன்று இருசக்கர வண்டி வந்துவிட்டது. உழைப்பு குறைந்தது, உணவோ குறையவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகப் பெண்களில் மிகை எடையோ பருமனோ உடையவர் 2015-16இல் 30.9 விழுக்காடு, 2019-21இல் 40.4 விழுக்காடு. பருமனால் நீரிழிவும் இதயநோயும் வரும் என்பதைப் பலரும் அறிவர். தலைவலிக்கும் அதற்கும் உள்ள உறவை அறிந்தவர் சிலரே.

ஒற்றைத் தலைவலியின் இயல்பு

பெரும்பாலும் தலையின் ஒரு பக்கத்தில் விண்விண்ணென்று தெறிக்கும் வலி, குமட்டல், ஒளியும் ஓசையும் பொறாமை, சிலருக்குக் கண்முன் மின்னும் கோடுகள். இவையே இந்நோயின் அடையாளங்கள். ஆடவரினும் பெண்டிரையே இது மிகுதியாக வருத்துகிறது. பெங்களூரு நகரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் நடத்தப்பெற்று 2015இல் வெளியான ஆய்வில், 18 முதல் 65 வயதினருள் நால்வரில் ஒருவருக்கு ஓராண்டில் இவ்வலி வந்திருந்தது.

பருமனோடு உறவு

2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஏறத்தாழ 2,89,000 பேரின் விவரங்களை ஆராய்ந்தது. இயல்பான எடையினரைவிடப் பருமனுடையோர்க்கு ஒற்றைத் தலைவலி 27 விழுக்காடு மிகுதி என்பது அதன் முடிவு. எடை மிகக் குறைந்தோர்க்கும் 13 விழுக்காடு மிகுதியே. எனவே மெலிவும் காப்பன்று, அளவே காப்பு. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றோ, இந்நோயுடையோருள் மாதம் பத்து நாளுக்குமேல் வலியால் துன்புறுவோர் இயல்பு எடையினரில் 4.4 விழுக்காடு, பருமனுடையோரில் 13.6 விழுக்காடு எனக் காட்டிற்று. பருமனுடையோரில் வலியின் வரவு மிகுதி என்பது இதனால் புலனாகும்.

காரணம் யாது? கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கன்று. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரப்பது. அவை, முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்பை எளிதில் கிளர்ந்தெழச் செய்கின்றன என்று அறிஞர் கருதுகின்றனர். பசியை ஆளும் மூளைப்பகுதிக்கும் இவ்வலியில் பங்குண்டு.

செய்யத் தக்கன

எடை குறைத்தல் நன்று, பட்டினி தீது. வேளை தவறிய உணவே வலியைத் தூண்டும். விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டம் செல்லும் பெண்கள் காலை உணவைக் கைவிடலாகாது. நோன்புக் காலத்தில் வலி மிகுவோர் முன்னதாகவே மருத்துவரைக் கலந்துகொள்க. நோயாளர்க்குச் சலுகை அளித்தே மார்க்கமும் நோன்பை விதித்துள்ளது.

110 பெண்களை ஆராய்ந்து 2018இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு நமக்கு ஒரு பாடம். எடை குறைக்கப் பயிற்சி பெற்றோர்க்கும், நோயைப் பற்றிய கல்வி மட்டும் பெற்றோர்க்கும் ஒப்பவே வலி குறைந்தது. நோயை அறிதலும் ஒரு மருந்தே.

கடையில் வாங்கும் வலிமாத்திரையை மாதத்தில் பல நாள் விழுங்கினால், அதுவே தலைவலிக்குக் காரணமாகிவிடும். வலி வராது தடுக்கும் மருந்துகளிலும் சில எடையைக் கூட்டுவன. ஆதலின் எடையைப் பற்றிய கவலையை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். திடீரெனத் தோன்றும் கடுந்தலைவலி, பார்வை மங்கல், கைகால் தளர்ச்சி ஆகியவை காணின், காலம் தாழ்த்தாது க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தை நாடுக.

முடிவுரை

வீட்டில் தாயோ தமக்கையோ தலையைக் கட்டிக்கொண்டு இருட்டறையில் படுத்தால், 'வெறும் தலைவலிதானே' என்று கடந்து செல்கிறோம். அது வெறும் தலைவலியன்று. பெயரும் மருத்துவமும் உடைய நோய். மாணவச் செல்வங்களே, இக்கட்டுரையைப் படித்தபின் ஒருமுறையேனும் அவ்வறையின் வாயிலில் நின்று, 'மாதத்தில் எத்தனை நாள் வலிக்கிறது?' என்று கேளுங்கள். மருத்துவம் அவ்வினாவில்தான் தொடங்குகிறது.