நெடிய உடலமைப்பினருக்கு முதல் மோட்டார் சைக்கிள்

இருசக்கர வாகனக் கடன் பெற்ற ஐந்தாம் மாதத்தில் வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் கிளைக்கு வந்து, வண்டியை விற்கப் போவதாகக் கூறி, கடனை முடிக்க எவ்வளவு செலுத்த வேண்டும் என்று கேட்டார். அவர் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. வண்டியிலும் பழுது ஏதும் இல்லை. அவருடைய உயரம் 188 சென்டிமீட்டர், அதாவது ஆறடி இரண்டங்குலம். எடை 112 கிலோ. எரிபொருள் சிக்கனத்தையும் குறைந்த தவணையையும் கருதி 100 சி.சி. வகை வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். அதுவே அவருடைய முதல் வண்டி. தெருமுனையில் திரும்பும்போது ஹேண்டில்பார் முழங்காலில் முட்டி நின்றது, வண்டி சாய்ந்தது, மணிக்கட்டில் முறிவு ஏற்பட்டது. மனைவியைப் பின்னால் ஏற்றிச் சென்றால் வேகத்தடைதோறும் அடிப்பாகம் உரசியது. விற்ற தொகை கடன் நிலுவைக்குப் போதவில்லை. எஞ்சியதைச் சேமிப்பிலிருந்து கட்டினார்.

ஷோரூமில் அவர் அந்த வண்டியின் மீது அமர்ந்து பார்த்திருக்கிறார். ஆனால் ஹேண்டில்பாரை ஒருமுறையேனும் இருபுறமும் முழுவதுமாகத் திருப்பிப் பார்க்கவில்லை. கையெழுத்திடுவதற்கு முன் அரை நிமிடம் செலவிட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறை அது.

நம் நாட்டில் அதிகம் விற்கும் வண்டிகள் பெரும்பாலும் நடுத்தர உடலமைப்பை மனத்தில் கொண்டே வடிவமைக்கப்படுகின்றன. நெடிய, கனத்த உடலமைப்பு உடையவர் முதன்முறையாக வண்டி வாங்கும்போது, விளம்பரமும் நண்பர்களின் பரிந்துரையும் அவருக்குப் பாதி அளவே உதவும். மீதிப் பாதிக்கு அளவு நாடாவும் எடை இயந்திரமும் தேவை.

இருக்கை உயரம் என்னும் ஏமாற்று எண்

வண்டியின் விவரத்தாளில் முதலில் கண்ணில் படுவது இருக்கை உயரம். குட்டையானவருக்கு அது முக்கியமான எண். நிற்கும்போது இரு பாதங்களும் தரையில் படுமா என்பதை அது சொல்லிவிடும். நெடியவருக்கோ தரையைத் தொடுவது சிக்கலே அன்று. இருக்கைக்கும் கால் வைக்கும் கட்டைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதே அவர் பார்க்க வேண்டியது. அந்த எண் விவரத்தாளில் பெரும்பாலும் இருப்பதில்லை. நாமே அளக்க வேண்டும்.

முதலில் உங்கள் காலின் உட்புற நீளத்தை அளந்துகொள்ளுங்கள். வெறுங்காலுடன் சுவரோரம் நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே மேலே முட்டும்வரை உயர்த்திப் பிடித்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்புவரை அளந்தால் போதும். 188 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது ஏறத்தாழ 88 சென்டிமீட்டர் இருக்கக்கூடும். இனி, நிறுவனங்கள் வெளியிட்ட எண்களைப் பாருங்கள். ஸ்ப்ளெண்டர் பிளஸ் 785 மி.மீ., ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 805 மி.மீ., ஹோண்டா ஹைனஸ் சிபி350 800 மி.மீ., ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 825 மி.மீ. முதல் மூன்றுக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர்தான் வேறுபாடு. ஆயினும் அவற்றில் அமர்ந்து பார்த்தால் முழங்கால் மடங்கும் கோணம் வெவ்வேறாக இருக்கும். கால் கட்டையின் இடம், டாங்கின் பக்கவாட்டுப் பள்ளம், ஹேண்டில்பாரின் உயரம் ஆகியவையே அந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

இருக்கையில் அமர்ந்து, கட்டையில் கால் வைத்த நிலையில் முழங்கால் செங்கோணத்தைவிடச் சற்றேனும் விரிந்திருக்க வேண்டும். அதைவிட மடங்கினால் ஒரு மணி நேரப் பயணத்தில் மூட்டு வலிக்கும். அவசரத்தில் பிரேக் மிதியின் மீது பாதத்தைத் தூக்கி வைக்கவும் தாமதமாகும். பெரிய பாதம் உடையவர்கள், தாங்கள் அன்றாடம் அணியும் காலணியுடனேயே கியர் நெம்புகோலின் அடியில் விரல் நுழைகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தாழ்ந்த இருக்கையும் முன்னால் நீட்டிய கால் கட்டையும் கொண்ட குரூஸர் வகை நெடியவருக்கு ஏற்றது என்று பலர் சொல்வதுண்டு. இதில் ஓரளவே உண்மை இருக்கிறது. மீட்டியர் 350 இருக்கை 765 மி.மீ., அவெஞ்சர் 220 குரூஸ் 737 மி.மீ. கால்கள் தாராளமாக நீளும், முழங்கால் வலிக்காது. ஆனால் கால்கள் முன்னே சென்றுவிட்டால், பள்ளத்தில் இறங்கும்போது கட்டையை ஊன்றி உடலைச் சற்று உயர்த்த இயலாது. அதிர்ச்சி முழுவதும் முதுகெலும்பின் அடியில் இறங்கும். எடை கூடியவருக்கு அந்த அதிர்ச்சியும் கூடுதல். நம் சாலைகளை எண்ணிப் பார்த்தால், கனத்த உடலினருக்குக் குரூஸரை முதல் தெரிவாகச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு.

வண்டி எவ்வளவு சுமக்கும்?

வண்டியுடன் தரப்படும் உரிமையாளர் கையேட்டில், ஏற்றத்தக்க அதிகபட்சச் சுமை குறிக்கப்பட்டிருக்கும். அதை வாங்குவதற்கு முன்பே கேட்டுப் பார்ப்பவர் மிகச் சிலர். 100 சி.சி. வண்டிகள் சிலவற்றில் அந்த எல்லை 130 கிலோ அளவிலேயே நின்றுவிடும். நம் வாடிக்கையாளரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அவர் 112 கிலோ. மனைவி 58 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரு தலைக்கவசங்களும் ஒரு பையும் 8 கிலோ. மொத்தம் 178 கிலோ. வண்டி தெருவுக்கு வந்த முதல் நாளிலிருந்தே அது தன் எல்லையைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறது.

டயரின் பக்கச்சுவரும் ஒரு செய்தியைச் சொல்லும். அளவுக்குப் பின்னால் 47P, 57P என்பதுபோல ஒரு குறி இருக்கும். எண் சுமையைக் குறிக்கும். எழுத்து வேகத்தைக் குறிக்கும். 47 என்றால் அந்த டயர் 175 கிலோவைத் தாங்கும். 57 என்றால் 230 கிலோ. 62 என்றால் 265 கிலோ. இருவர் அமர்ந்தால் அவர்களுடைய எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மீது விழுகிறது. 112 கிலோ எடையுள்ள வண்டியின் பின்பாதி 60 கிலோ என்றும், ஏறியவர்களின் 178 கிலோவில் 125 கிலோ பின்னால் விழுகிறது என்றும் தோராயமாகக் கொண்டால், பின் டயரின் சுமை 185 கிலோ ஆகிறது. 47 குறியுள்ள டயர் அங்கே போதாது. பார்வைக்குத் தடிமனாகத் தெரிந்தாலும் டயரின் குறியைப் படிக்காமல் முடிவு செய்யக் கூடாது.

பின்புற ஷாக் அப்சார்பரில் பெரும்பாலான வண்டிகளுக்கு ஐந்து நிலைகள் அளவில் இறுக்கம் மாற்றும் வசதி உண்டு. கனத்தவர், இதனை வண்டியை ஒப்படைக்கும் நாளிலேயே தம் எடைக்கேற்ப மாற்றித் தரச் சொல்ல வேண்டும். கேட்டாலன்றி யாரும் செய்து தருவதில்லை. ஆயினும் இறுக்கத்தை மாற்றுவதால் ஸ்பிரிங்கின் வலிமை கூடாது. வண்டி நிற்கும் உயரம் மட்டுமே சீராகும். கையேட்டின் சுமை எல்லை அப்படியே இருக்கும். தனியாக ஓட்டினாலும் காற்றழுத்தம் எவ்வளவு வேண்டும் என்பதைச் சேவை மையத்தில் தம் எடையைச் சொல்லியே கேட்பது நல்லது.

ஆற்றல் எவ்வளவு வேண்டும்?

ஸ்ப்ளெண்டரின் எடை 112 கிலோ. ஆற்றல் சுமார் 8 பி.எஸ். அதில் 65 கிலோ எடையுள்ளவர் அமர்ந்தால் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் 4.5 பி.எஸ். கிடைக்கிறது. 112 கிலோ எடையுள்ளவர் அமர்ந்தால் அது 3.6 ஆகக் குறைகிறது. நெடுஞ்சாலையில் லாரியைக் கடக்க முயலும்போது இந்த வேறுபாடு உயிர்ப்பிரச்சினையாகிவிடும். கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ, ஆற்றல் 20.2 பி.எஸ். அதே 112 கிலோ மனிதர் அமர்ந்தால் 100 கிலோவுக்கு 6.6 பி.எஸ். கிடைக்கிறது.

அப்படியானால் பெரிய வண்டிதான் நல்லதா? புதிதாகப் பழகுபவருக்கு வண்டியின் எடையும் ஒரு பாடம். உடல் வலிமை உள்ளவரால் 195 கிலோவை நிமிர்த்திப் பிடிக்க முடியும் என்பது உண்மை. ஆனால் மெதுவாகத் திருப்பும்போது சாயத் தொடங்கிய வண்டியை வலிமை தடுத்து நிறுத்தாது. கிளட்சும் பின் பிரேக்கும் கைகால்களில் பழகியிருந்தால்தான் தடுக்க முடியும். ஆகவே 150 கிலோ முதல் 180 கிலோ வரை எடையுள்ள வண்டி, தொடங்குபவருக்கு நடுவழியாக அமைகிறது. எக்ஸ்பல்ஸ் 200 ஏறத்தாழ 158 கிலோ, இருக்கை உயரம், நின்றுகொண்டு ஓட்டவும் இடமுண்டு. ஹண்டர் 350, சிபி350 ஆகிய இரண்டும் 181 கிலோ அளவில் உள்ளன. 452 சி.சி. ஹிமாலயனின் 40 பி.எஸ். ஆற்றல் நெடியவரின் உடலுக்குப் பொருந்தலாம்; முதல் ஆண்டில் அவருடைய அனுபவத்துக்குப் பொருந்தாது.

நிறுத்தும் திறனிலும் கவனம் வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அதற்கு உட்பட்டவற்றுக்கு இரு பிரேக்குகளையும் இணைக்கும் சிபிஎஸ் போதுமானதாக ஏற்கப்பட்டது. ஆயினும் ஏபிஎஸ் என்று எழுதியிருந்தாலே இரு சக்கரங்களுக்கும் என்று பொருளன்று. சில வண்டிகளில் முன்சக்கரத்துக்கு மட்டுமே இருக்கும். எடை கூடியவர் இரு சக்கரங்களுக்கும் உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும். இதற்காகக் கூடும் சில ஆயிரங்களைப் பற்றி நான் வாதிடவே மாட்டேன்.

350 என்னும் கோடு

350 சி.சி. என்பது பணக் கணக்கிலும் ஓர் எல்லைக்கோடு. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு மேல் 40 சதவீதம். புதிய வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதத்தின்படி, 150 முதல் 350 சி.சி. வரை அதன் பிரீமியம் 7,365 ரூபாய். 350ஐத் தாண்டினால் 15,117 ரூபாய். 349 சி.சி. வண்டிகள் இத்தனை வருவதன் பொருள் இப்போது விளங்கும்.

கடனைப் பொறுத்தவரை, வட்டி விகிதத்தைக் கேட்பவர்கள் அது எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்று கேட்பதில்லை. 1,50,000 ரூபாயை 36 மாதங்களுக்கு 10 சதவீத நிலையான வட்டியில், அதாவது தொடக்க அசலின் மீதே மூன்றாண்டும் கணக்கிடும் முறையில் பெற்றால், வட்டி 45,000 ரூபாய். தவணை 5,417 ரூபாய். அதே 10 சதவீதம் குறையும் நிலுவையின் மீது கணக்கிடப்பட்டால் தவணை 4,840 ரூபாய். மொத்த வட்டி 24,250 ரூபாய்க்குள் முடிந்துவிடும். முன்னதன் உண்மையான ஆண்டு வட்டி 18 சதவீதத்தை ஒட்டியது. கடன் வழங்குவோர் தரும் முக்கிய விவர அறிக்கையில் ஆண்டு சதவீத விகிதம் என்ற வரி இருக்கும். கடை வாசலில் கிடைக்கும் கடனையும் வங்கிக் கடனையும் அந்த ஒரு வரியை வைத்து ஒப்பிடுங்கள்.

வண்டியின் விலைக்கு மட்டும் திட்டமிட்டால் போதாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம், கையுறை, கணுக்காலை மூடும் காலணி ஆகியவற்றில் பெரிய அளவுகள் கடையில் எப்போதும் இருப்பதில்லை; சொல்லி வைத்து வாங்க வேண்டியிருக்கும். இறுக்கமான தலைக்கவசம் அரை மணி நேரத்தில் தலைவலி தரும். அதைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டுபவரைச் சாலையில் அன்றாடம் காண்கிறோம்.

முதல் வண்டி பழையதாகவும் இருக்கலாம். பழகும்போது கீழே விழும் வாய்ப்புண்டு. விழுந்த வண்டியில் கீறல் விழுந்தால் மனம் பதறாது. ஆனால் பதிவுச் சான்றிதழில் ஏதேனும் நிறுவனத்தின் பெயரில் கடன் அடைமானம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். உரிமை மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள் வேண்டும். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

அந்த வாடிக்கையாளர் ஓராண்டுக்குப் பின் மீண்டும் கடன் கேட்டு வந்தார். கையில் ஒரு காகிதம். மூன்று வண்டிகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே சுமை எல்லை, டயர்க் குறி, இருக்கைக்கும் கட்டைக்கும் உள்ள இடைவெளி. ஷோரூமுக்கு மனைவியையும் அழைத்துச் சென்று, இருவரும் தலைக்கவசம் அணிந்து அமர்ந்து, ஹேண்டிலை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பார்த்ததாகச் சொன்னார். மூன்றில் ஒன்று அங்கேயே அடிபட்டுப் போயிருந்தது.