கயலுக்கு, சைக்கிள் விஷயமாக

கோத்தகிரி

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். முதல் படத்தை இப்போதே அழித்துவிடு. முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங், 21 கியர், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம், விலையோ நீ சேர்த்து வைத்திருக்கும் 55,000 ரூபாயில் பாதிகூட இல்லை. அந்த விலைக்குள் பின்பக்க சஸ்பென்ஷனும் தர வேண்டுமானால் மற்ற எல்லாவற்றிலும் கை வைத்திருப்பார்கள். கனத்த இரும்பு ஃப்ரேம், குதிப்பதை அடக்க எண்ணெய் அமைப்பு இல்லாத வெறும் ஸ்பிரிங். மேட்டில் நீ மிதிக்கிற மிதியில் ஒரு பங்கை அது குலுங்கியே தின்றுவிடும்.

பின்னால் ஸ்பிரிங் இல்லாத ஹார்ட்டெயில்தான் உனக்குச் சரி. ஏதோ ஒன்று கிடைத்தால் போதும் என்பதற்காகச் சொல்லவில்லை. புழுதியும் மழையும் புகுந்து தேய்கிற மூட்டுகள் அதில் குறைவு. அந்தச் செலவு மிச்சமாகி நல்ல ஃபோர்க்குக்கும் பிரேக்குக்கும் போகும். பின்சக்கரம் கல்லில் ஏறும்போது சீட்டில் உட்கார்ந்தே இருந்தால் முதுகெலும்பு திட்டும். எழுந்து நின்று முழங்காலை மடக்கி வாங்கிக்கொள்ள நீயாகவே கற்றுக்கொள்வாய். பிற்பாடு எவ்வளவு விலை உயர்ந்த வண்டி வாங்கினாலும் அந்தப் பழக்கம் கூடவே வரும்.

சரி, இரண்டாவதா மூன்றாவதா என்பதுதானே கேள்வி. இரண்டாவது கடைப்புதுசு, 24 கியர். மூன்றாவது ஒருவர் இரண்டு வருடம் ஓட்டியது, பெயின்ட் உரசியிருக்கிறது, பத்தே கியர், 48,000 கேட்கிறார். "பெரியப்பா, பழசுக்கு இவ்வளவா?" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு மூன்றாவதுதான் பிடித்திருக்கிறது.

முதலில் கியர் கணக்கைப் பார். கடை வண்டியில் முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டு. பெருக்கினால் 24 வரும். ஆனால் பல கூட்டணிகள் ஏறக்குறைய ஒரே விகிதத்தையே தருகின்றன. அதன் ஆக இலகுவான கியரில் முன்னால் 22 பல், பின்னால் 32. வகுத்தால் 0.69. பழைய வண்டியில் முன்னால் ஒரே சக்கரம், 32 பல். பின்னால் பெரியது 46. வகுத்தால் 0.70. செங்குத்தான ஏற்றத்தில் உன் காலுக்கு இரண்டும் ஒன்றுதான். தார் ரோட்டு இறக்கத்தில் அதிவேகத்தில் மிதிக்கக் கடை வண்டியில் கூடுதல் இடம் இருக்கிறது, அவ்வளவே. பதிலுக்கு முன்பக்கம் செயினைத் தள்ளும் டீரெய்லர் ஒன்றைச் சுமக்க வேண்டும். மழைக்கு அப்புறம் கரிசல் மண்ணில் இறங்கிப் பார், அந்த இடத்தில்தான் சேறு முதலில் அப்பிக்கொள்ளும். ஆகவே கியர் எண்ணிக்கையைப் பார்த்து விலை பேசாதே.

பார்க்க வேண்டியது ஃப்ரேமை. டயர், பெடல், சீட், ஹேண்டில்பார், கியர் எல்லாவற்றையும் சம்பளம் வர வர மாற்றலாம். ஃப்ரேம் எதை ஏற்கும், எதை ஏற்காது என்பதை வாங்குகிற அன்றே தீர்மானித்துவிடுகிறாய். ஃபோர்க்கின் தண்டு நுழைகிற கழுத்துக் குழாயைப் பார். கடை வண்டியில் அது மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். இன்று வருகிற நல்ல ஃபோர்க்குகள் பெரும்பாலும் மேலே ஒன்றே கால் அங்குலத்துக்கும் குறைவாகவும் கீழே ஒன்றரை அங்குலமாகவும் விரிகிற தண்டு கொண்டவை. அந்தக் குழாயில் இறங்காது. மூன்றாவது வண்டியின் கழுத்து கீழே அகன்றிருப்பது படத்திலேயே தெரிகிறது. பின்சக்கரத்தை 12 மில்லிமீட்டர் த்ரூ ஆக்சில் பிடித்திருக்கிறது. ஃப்ரேமுக்குள் ஊடுருவித் திருகிக்கொள்வதால் கல்லில் மோதும்போது சக்கரம் அசையாது, நாளை வேறு சக்கரம் தேடினாலும் சுலபமாகக் கிடைக்கும். ஓட்டிக்கொண்டே சீட்டை இறக்குகிற டிராப்பர் போஸ்ட் ஒருநாள் நீ கேட்பாய், எனக்குத் தெரியும். அதற்கு சீட் குழாயின் உள்விட்டம் 30.9 அல்லது 31.6 மில்லிமீட்டர் இருந்தால் நிறைய வகை கிடைக்கும். 27.2 என்றால் தேட வேண்டும்.

ஃபோர்க் விஷயத்தில் உன் எடை முக்கியம். நீ 50 கிலோ. கடை வண்டியில் இருப்பது கம்பிச் சுருள் ஃபோர்க். அது உன்னைவிடக் கனமான ஆளை மனதில் வைத்துச் செய்தது. மேலே உள்ள குமிழைத் திருகினால் மென்மையாகும் என்று கடைக்காரர் சொல்வார். ஆகாது. அந்தக் குமிழ் சுருளைக் கொஞ்சம் முன்கூட்டி அழுத்தி வைக்கும், சுருளின் விறைப்பு அப்படியேதான் இருக்கும். 100 மில்லிமீட்டர் ஆட்டம், அதாவது அமுங்கும் தூரம், என்று எழுதியிருந்தும் அதில் பாதியைக்கூட நீ பார்க்க மாட்டாய். மூன்றாவது வண்டியில் இருப்பது போன்ற காற்று ஃபோர்க்கில் உன் எடைக்கு ஏற்ற காற்றை அடித்துக்கொள்ளலாம். நீ வண்டிமேல் நின்றால் அதன் மொத்த ஆட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை அமுங்க வேண்டும். மூன்றாவது வண்டிக்கு 120 மில்லிமீட்டர்; 24இலிருந்து 30க்குள் அமுங்கினால் சரி. அதற்கென்று தனி பம்ப் உண்டு, சைக்கிள் பம்ப் ஆகாது. என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு நிபந்தனை. மூன்றாவது வண்டியின் ஃப்ரேம் ஸ்மால் சைஸாக இருக்க வேண்டும். ஐந்தடி இரண்டு அங்குலத்துக்கு மீடியம் போதும், சீட்டை இறக்கிக்கொள்ளலாம் என்று விற்பவர் சொன்னால் எழுந்து வந்துவிடு. சீட்டை இறக்கினால் ஹேண்டில்பார் கிட்டே வந்துவிடாது. நீட்டிப் படுத்துக்கொண்டு இறக்கத்தில் போவது அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவது மாதிரி. சில கம்பெனிகள் சிறிய ஃப்ரேமில் 29க்குப் பதில் 27.5 அங்குலச் சக்கரம் போடுவார்கள். அதைக் குறையாக நினைக்காதே, உன் உயரத்துக்குத் திருப்புவது எளிது.

சைஸ் சரியாக இருந்தால் வெயிலில் நிறுத்திப் பார். கழுத்துக் குழாயைச் சுற்றியும் பெடல் அச்சுக்கு அடியிலும் வெல்டிங்கில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா? ஃபோர்க்கின் பளபளப்பான கால்களில் நகத்தை ஓட்டு. தடங்கினால் எண்ணெய் கசியும். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொடக்கக் கூடாது. ஃபோர்க்கைக் கடைசியாக எப்போது பிரித்துச் சுத்தம் செய்தார் என்று கேள். அவர் முழித்தால் அந்தச் செலவை விலையில் கழி.

பிரேக் இரண்டு வண்டியிலுமே ஹைட்ராலிக் டிஸ்க், அதுவரை நல்லது. மலைச் சைக்கிளுக்கே பிள்ளையார் சுழி போட்ட கலிஃபோர்னியாக்காரர்கள் 1976இல் மவுண்ட் டமல்பாயிஸ் பக்கம் மண்ரோட்டில் பந்தயம் விட்டபோது அவர்களிடம் இருந்தவை பழைய பருத்த டயர் சைக்கிள்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கிற ஹப் பிரேக். ஓர் இறக்கம் முடிவதற்குள் உள்ளே இருக்கும் கிரீஸ் சூட்டில் புகையாகிவிடும். திரும்பவும் அடைத்துவிட்டுத்தான் அடுத்த ஓட்டம். டிஸ்க் பிரேக்குக்கும் சூடு எதிரிதான். இங்கேயிருந்து மேட்டுப்பாளையம்வரை 1,400 மீட்டருக்கு மேல் இறக்கம். விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் எந்த பிரேக்கும் வலுவிழக்கும். ஒரே விரலால், விட்டு விட்டுப் பிடி.

டயரைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீ வாரத்துக்கு இரண்டு தடவை என்னைத்தான் கூப்பிடுவாய். நீ ஓட்டப்போகிற இட்டேரிகளில் இருபக்க வேலியும் முள், தரையில் நெருஞ்சி. ட்யூபோடு போனால் பஞ்சர் ஒட்டுவதே வேலை. ட்யூப்லெஸ்ஸாக மாற்றி உள்ளே சீலன்ட் ஊற்றச் சொல். முள்ளைப் பிடுங்கிவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றினால் ஓட்டை தானே அடைபடும். நம் ஊர் வெயிலுக்குச் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார். பெட்ரோல் பங்க்கில் கல்லாக அடித்துக்கொண்டு வராதே. உன் எடைக்குப் பின்னால் 24, முன்னால் 21 பிஎஸ்ஐ அளவில் தொடங்கிக் கூட்டிக் குறைத்துப் பார்.

மிச்சமாகிற 7,000த்தில் முதல் செலவு ஹெல்மெட். பின்மண்டையைக் கீழ்வரை மூடுவதாக வாங்கு. அப்புறம் கையுறை.

தடாகம் பக்கம் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை இருக்கிறது, குழுவோடு விடிகாலையில் போகப் போகிறோம் என்று எழுதியிருந்தாயே, அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம் என்பது ஒருபுறம். யானை நடமாடுகிற நேரமும் அதுதான். மோட்டார் வண்டியாவது சத்தம் போட்டு வருகிறது. சைக்கிள் சத்தமே இல்லாமல் வளைவு திரும்பி யானையின் காலடியில் போய் நிற்கும். குளத்துக்கரை, இட்டேரி, சொல்லிவிட்டுப் போனால் தோட்டத்து மண்ரோடு, பழக இவை ஏராளம்.

விற்பவரிடம் அசல் பில் கேள். அதில் உள்ள ஃப்ரேம் எண்ணும் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடு. சைஸ் ஸ்மால்தானா என்று தெரிந்ததும் எனக்கு ஃபோன் பண்ணு. ஞாயிற்றுக்கிழமை பம்ப்பை எடுத்துக்கொண்டு நானே கீழே இறங்கி வருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா