காற்றில் கலந்த கரியைத் திரும்பப் பிடிக்கலாமா?

டீசல், நிலக்கரி, விறகு எரிந்தால் காபனீரொட்சைட்டு என்ற கரிவாயு வருகிறது. அது காற்றில் கூடக்கூட பூமி சூடாகிறது என்று நம் பிள்ளைகள் பாடசாலையில் படிக்கிறார்கள். வெளியே விட்டதைத் திரும்பப் பிடித்துவிட்டால் என்ன?

பிடிக்கலாம். ஐஸ்லாந்து நாட்டில் 2024 மே மாதம் ‘மாமத்’ என்ற ஆலை தொடங்கியது. பெரிய விசிறிகள் காற்றை இழுக்கும். உள்ளே இருக்கும் இரசாயனப் பொருள் கரிவாயுவைப் பிடிக்கும். அதைத் தண்ணீரில் கரைத்து நிலத்தடிப் பாறைக்குள் இறக்கிக் கல்லாக்குவார்கள்.

கஷ்டம் எங்கே? 10,000 கொழுந்தில் 4 முற்றல் இலை கிடந்தால், அதைத் தேடிப் பொறுக்க எவ்வளவு நேரமாகும்? காற்றிலே கரிவாயு ஏறக்குறைய அந்த அளவுதான். அதனால் ஒரு தொன் பிடிக்கவே பல நூறு டொலர் செலவு. இந்த ஆலையின் முழுக் கொள்ளளவு வருடத்துக்கு 36,000 தொன். உலகம் விடுவதோ 3,500 கோடி தொன்னுக்கு மேல். இப்படி 10 இலட்சம் ஆலை வேண்டும்!

மரமும் இதே வேலையைச் செய்கிறது, மின்சாரம் கேட்பதில்லை. ஆனால் வளரப் பல வருடமாகும். ஒரு தீக்குச்சி போதும், பிடித்து வைத்ததெல்லாம் புகையாகிவிடும். மஸ்கெலியாவில் சிவனொளிபாத மலைக்காடு நம் பக்கத்திலேயே நிற்கிறது. அது போனால் பீலித் தண்ணீரும் குறையும். ஆகவே வரட்சி மாதங்களில் மலைக்குத் தீ வைக்காதீங்க. வைப்பவரைக் கண்டால் தடுத்துச் சொல்லுங்க. கொட்டியதைப் பொறுக்குவதைவிட, கொட்டாமல் பார்ப்பதுதான் நமக்குச் செலவு குறைவு.