விரலுக்கு ஏற்ற விசைப்பலகை



கைபேசி வாங்கும்போது பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். கேமரா எப்படி, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். விசைப்பலகை என்றால் மட்டும், கணினியோடு எது வந்ததோ அதுவே போதும்னு விட்டுவிடுகிறோம். நான் மொழிபெயர்ப்பு வேலை செய்பவன். நாள் முழுக்கத் தட்டச்சுதான் பிழைப்பு. அதனால் இம்மாதப் பாடத்திற்கு இதையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு கணக்கு

ஆங்கிலத் தட்டச்சில் ஒரு சொல்லுக்கு 5 தட்டு என்று கணக்கு வைப்பார்கள். நிமிடத்திற்கு 40 சொல் அடிப்பவர் 200 முறை தட்டுகிறார். ஒரு மணி நேரத்தில் 12,000. நான்கு மணி நேரம் அசைன்மெண்ட் எழுதினால் 48,000! இத்தனையையும் தாங்குவது பத்து விரல்களும் இரண்டு மணிக்கட்டுகளும். உங்களில் பலர் இனி முப்பது, நாற்பது ஆண்டு கணினி முன்னால்தான் வேலை பார்க்கப் போகிறீர்கள். கையை இப்போதே காப்பாற்ற வேண்டாமா?

வாங்குவதற்கு முன் உட்காரும் முறை

காசு செலவில்லாத வழி இது. தோளைத் தளர்த்தி, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி உட்காருங்கள். கை இருக்கும் அதே உயரத்தில் விசைப்பலகை இருக்க வேண்டும். மேசை உயரமாக இருந்தால் நாற்காலியை ஏற்றி, காலுக்கு அடியில் ஒரு பலகை போடுங்கள்.

விசைப்பலகையின் பின்பக்கம் இரண்டு சிறிய கால்கள் இருக்கும். பலரும் அதை விரித்து வைக்கிறார்கள். அப்படி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்தே நிற்கும். மடக்கியே வையுங்கள். மணிக்கட்டு நேராக இருப்பதுதான் முக்கியம்.

அளவு

முழு அளவு விசைப்பலகையில் 104 விசைகள் இருக்கும். வலது ஓரத்தில் எண் பகுதி. கணக்கு வேலை செய்பவருக்கு அது தேவை. கட்டுரை எழுதுபவருக்கு அது மௌஸைத் தூரத் தள்ளும் ஒரு தடை, அவ்வளவுதான்.

என் அலுவலகத்தில் ஒரு தம்பி, “அண்ணே, சாயங்காலம் ஆனா வலது தோள் இழுக்குது” என்றார். அருகில் போய்ப் பார்த்தேன். எண் பகுதியைத் தாண்டி மௌஸைப் பிடிக்க, நாளெல்லாம் கையை நீட்டியபடியே இருந்தார். “எண் பகுதியை எப்பவாவது தொடுவீங்களா?” என்று கேட்டேன். “இல்லண்ணே!” அந்தப் பகுதி இல்லாத 87 விசைப் பலகைக்கு மாறினார். மௌஸ் அருகே வந்தது. கை நீட்டும் வேலை நின்றது.

தோள் அகலமானவர்கள் இரண்டாகப் பிரிந்த விசைப்பலகையையும் முயன்று பார்க்கலாம். கைகள் உள்பக்கம் ஒடுங்காமல் நேராக நிற்கும். பழக மட்டும் கொஞ்ச நாள் ஆகும்.

விசையின் வகை

சாதாரண விசைப்பலகையில் விசைகளுக்கு அடியில் ரப்பர் குமிழ்கள் இருக்கும். விலை குறைவு. ஆனால் பல பலகைகளில் கடைசிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். மெக்கானிக்கல் வகையில் ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்பிரிங் உண்டு. விசை மொத்தம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் இறங்கும். பாதி வழியிலேயே எழுத்து பதிந்துவிடும். பழகிய விரல் அடிவரை போய் மோத வேண்டியதில்லை.

ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் விசைகளுக்கு நிறப் பெயர் வைத்தது. சிவப்பு மென்மையானது, ஏறக்குறைய 45 கிராம் அழுத்தம் போதும், தடையின்றி இறங்கும். பழுப்பில் எழுத்து பதியும் இடத்தில் ஒரு சிறு தடை விரலுக்குத் தெரியும். நீலத்தில் அந்தத் தடையோடு ‘டிக்’ என்ற சத்தமும் வரும். விடுதி அறையில் நண்பன் தூங்கும்போது நீலம் அடித்தால் நட்பு நிலைக்காது!

எது சிறந்தது? உங்கள் விரல்தான் சொல்ல வேண்டும். கோலாலம்பூரில் லோ யாட் பிளாசா, சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்குவேர் போன்ற இடங்களில் தட்டிப் பார்க்க விடும் கடைக்குப் போங்கள். பத்து நிமிடமாவது ஒரு பத்தியை அடித்துப் பாருங்கள்.

தமிழுக்கு ஒரு வார்த்தை

தமிழ்த் தட்டச்சுக்கும் நம் மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய இரா. முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்தவர். முரசு அஞ்சலைத் தந்த முத்து நெடுமாறன் மலேசியர்.

தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. இரு கையும் மாறி மாறி வேலை செய்யும். ‘வணக்கம்’ என்று அடிக்க 6 தட்டு போதும். புள்ளி தானாக விழும் இடங்களும் உண்டு. ஆங்கில ஒலி வழியில் அடித்தால் 8 தட்டு, ‘ண’வுக்கு ஷிப்ட் வேறு. ஷிப்ட் அடிப்பது பாவம் சுண்டு விரல்தானே! நிறையத் தமிழ் எழுதுபவருக்குப் புதுப் பலகையைவிட இந்தப் பழக்கம் பெரிய லாபம்.

கவனம்

எந்தப் பலகையும் ஓய்வுக்கு ஈடாகாது. அரை மணிக்கு ஒருமுறை கையை எடுத்து விரலை விரித்து மூடுங்கள். கட்டை விரல், ஆட்காட்டி விரல், நடு விரலில் மரமரப்பு அடிக்கடி வந்தால், இரவில் அது தூக்கத்தைக் கெடுத்தால், கடைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

செய்து பாருங்கள்

1. தட்டச்சு செய்யும்போது நண்பரைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு நேராக இருக்கிறதா?
2. ஒரு வாரத்தில் எண் பகுதியை எத்தனை முறை தொட்டீர்கள்?
3. உங்கள் பெயரைத் தமிழ்99 முறையில் அடிக்க எத்தனை தட்டு?

மூன்றுக்கும் விடை எழுதி வையுங்கள். எந்த விசைப்பலகை வேண்டும் என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.