அந்தச் சனிக்கிழமை அவனை நான் இறக்கவில்லை

ஜூனியர் டீம் செமிஃபைனலில் தோற்றதற்கு நான்தான் காரணம் என்று ஆனச்சால் டீக்கடை வரைக்கும் பேச்சு. பேசட்டும். அதே நிலைமை நாளைக்கு வந்தாலும் அதையேதான் செய்வேன். பேசியவர்களுக்கான பதிலும் இதில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, இந்த மலையில் இன்னொருவர் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து பேஸ்பால் டீம் எடுத்தால், நான் பட்டதில் பாதியாவது அவர் படாமல் இருக்கலாம்.

சித்திரபுரத்தில் ஒரு ஹோம்ஸ்டேயில் கணக்கு எழுதுகிறேன். காலேஜில் சாஃப்ட்பால் ஆடியவள். பக்கத்துப் பள்ளி ஒன்றில் சீனியர் டீமுக்கு ஆள் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளைப் பார்க்கத்தான் யாரும் இல்லை என்றார்கள், போனேன். சம்பளம் கிடையாது. பிள்ளைகளில் பாதிப் பேர் பள்ளிவாசல் பக்கத்து எஸ்டேட் லயங்களிலிருந்து வருகிறவர்கள், மீதிப் பேர் ஆனச்சால், ரெண்டாம்மைல். எல்லோருக்கும் நான் டீச்சர்.

கிரவுண்டைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் கிரவுண்டும் சரிவில்தான் இருக்கும். பேஸுக்கும் பேஸுக்கும் 90 அடி வேண்டும், எங்களுக்கு 70 அடிதான் தேறியது. லெஃப்ட் ஃபீல்டுக்குப் பின்னால் ஏலத்தோட்டம், உள்ளே போன பந்து போனதுதான். ஜூனில் பள்ளி திறக்கும்போதே மழையும் வந்துவிடும். தோல் பந்து நனைந்தால் கனக்கும், தையல் விரலுக்குப் பிடிபடாது. அதை வைத்துப் பிள்ளைகளை எறியவிடாதீர்கள். மழை நாளில் ரப்பர் பந்து, வராந்தா, சுவர். உரச்சாக்கில் மரத்தூளை அடைத்துத் தைத்தால் பேஸ் ரெடி. மண்ணை அடைத்தால் ஓடிவந்து மிதிக்கிறவனுக்குக் கணுக்கால் பிசகும்.

கிளவ் வாங்கும்முன் இடக்கைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இடது கையால் எறிகிறவன் கிளவ்வை வலது கையில் மாட்ட வேண்டும். பள்ளிக்கு மொத்தமாக வந்து இறங்கியதெல்லாம் வலக்கைக்காரருக்கானவை. எங்கள் முதல் பேஸ் பையன் இடக்கைக்காரன். பந்தைப் பிடித்து, கிளவ்வைக் கழற்றி, அதே கையால் எறிவான். அதற்குள் ஓடுகிறவன் அடுத்த பேஸில் நிற்பான். அவனுக்காக எர்ணாகுளத்தில் என் காசில் ஒரு கிளவ் வாங்கினேன். அது இரண்டு மாதம் சீனியர் டீமின் பையில் கிடந்தது. அங்கே இடக்கைக்காரர் ஒருவர்கூடக் கிடையாது.

ஜூலை முழுக்க, கிரிக்கெட் பழக்கத்தை உதறவைப்பதிலேயே போனது. அடித்ததும் பேட்டைக் கீழே போட வேண்டும் என்பது மண்டையில் ஏறவே நாளானது. பேட்டைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடுவார்கள். அடித்த பந்து எல்லைக்குள் விழுந்தால் ஓடியே ஆக வேண்டும், நின்று யோசிக்க இடமில்லை. இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை உயரே எழும்புகிற பந்து. கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்தால் அடித்தவன் மட்டும்தான் அவுட். பேஸ்பாலில், பந்து பிடிபட்டால் ஏற்கெனவே பேஸில் நின்றவனும் தன் பேஸைத் திரும்பத் தொட்ட பிறகுதான் ஓடலாம். தொடாமல் ஓடினால், பந்து அவனுக்கு முன்னால் அந்தப் பேஸுக்குப் போய்ச் சேரும், அவனும் அவுட். முதல் ஆட்டத்தில் ஒரே பந்தில் இரண்டு பேரை இப்படி இழந்தோம். அதன்பிறகு தினமும் பயிற்சி முடிவில் உயரப் பந்து போட்டு, பேஸில் நிற்கிறவர்களை மட்டும் ஓடவிட்டேன். நீங்கள் அதை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.

பிட்சரைத் தேடும்போது வேகமாகப் பந்து வீசுகிறவனைப் பார்த்து மயங்காதீர்கள். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நீட்டி வீசினால் நோ பால். இங்கே வேகமே அந்த மடக்கலில்தான் இருக்கிறது. எல்லைக்கோட்டிலிருந்து ஸ்டம்புக்கு நேராக எறிகிறவனைப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் ஈட்டி எறிந்துகொண்டிருந்த பிள்ளைகள். 2008இல் ஒரு எறிதல் போட்டியில் தேர்வாகி, அந்த வருடமே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார்கள். ரஹ்மான் இசையில் 2014இல் வந்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ அவர்கள் கதைதான். எங்கள் பிட்சரும் அப்படிக் கிடைத்தவன்தான். அவன் அம்மா கொழுந்து பறிக்கிறார். அவன் லயத்துக்குக் கீழே இருக்கிற தகரக் கொட்டகையைக் குறிவைத்துக் கல் எறிந்தே வளர்ந்தவன். 60 அடி 6 அங்குலத்திலிருந்து கேட்சரின் கிளவ்வை அசையவிடாமல் எறிவான்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

சீனியர் டீமுக்கு அன்று ஒரு ஆட்டம், அவர்களுடைய பிட்சருக்குக் காய்ச்சல். எங்கள் பையனைக் கேட்டார்கள். மறுநாள் எங்களுக்கு அடிமாலியில் செமிஃபைனல் என்றேன். “ரெண்டு இன்னிங்ஸ் மட்டும் டீச்சர், அதுக்கப்புறம் எடுத்துடுவோம்” என்று அந்த டீமை நடத்தியவர் வாக்குக் கொடுத்தார். ரெண்டு இன்னிங்ஸ் என்றால் முப்பது பந்துக்குள் வரும், மறுநாள் அவனைப் பிட்சராக இறக்காமல் வேறு இடத்தில் ஆடவைக்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் அனுப்பினேன். ஆட்டத்துக்கு நான் போக முடியவில்லை, வேலை.

சனிக்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் எல்லோரும் நின்றோம். பையன் கடைக் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தான், இடது கையால். அவன் வலக்கைக்காரன். கிட்டே போய், “கையை நீட்டு” என்றேன். முழங்கை முழுதாக நீளவில்லை. உள்பக்கத்து எலும்பை விரலால் லேசாகத் தொட்டதும் தோளைச் சுருக்கிக்கொண்டான்.

“எத்தனை பந்து எறிஞ்சே?”

“எண்ணலை டீச்சர்.”

“எத்தனை இன்னிங்ஸ்?”

“முழுசும்.”

சீனியர் டீமில் ஸ்கோர் எழுதுகிற பையனும் அதே பஸ்ஸில் அடிமாலிக்கு வந்தான். நோட்டை வாங்கி மடியில் வைத்து எண்ணினேன். ஒவ்வொரு அடிப்பவனுக்கும் எதிரே பால், ஸ்டிரைக் புள்ளிகள் இருந்தன. ஏழு இன்னிங்ஸ், 118 பந்து. இரண்டு ஸ்டிரைக்குக்குப் பிறகு வருகிற ஃபவுலைப் பல பேர் நோட்டில் குறிப்பதில்லை, அதனால் உண்மையான எண் அதற்கும் மேலே. ஆட்டத்துக்கு முன்பு கை சூடேற்ற எறிந்ததும் சேரவில்லை.

அவர்கள் ஜெயித்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டை ஏழாக்கியபோது ஒரு போன் செய்திருக்கலாம். அன்று சாயங்காலமே கையில் ஐஸ் வைக்கச் சொல்லியிருக்கலாம். மறுநாள் பேசியபோது கிடைத்த பதில்: “ஜூனியர் ஆட்டம்தானே டீச்சர், அடுத்த வருஷம் ஆடிக்கலாம்.” அந்த ‘தானே’வை நான் மறக்கப்போவதில்லை.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்த வயதில் முழங்கையின் உள்பக்கம் இன்னும் முழு எலும்பாகியிருக்காது. வளர்கிற இடத்தில் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஒவ்வொரு எறியிலும் தசையும் தசைநாரும் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கின்றன. பெரியவர்களுக்குத் தசைநார் கிழியும், பிள்ளைகளுக்கு அந்தக் குருத்தே விலகும். அதனால்தான் அமெரிக்காவில் 2014இல் ‘பிட்ச் ஸ்மார்ட்’ என்று ஒரு வழிகாட்டி வைத்தார்கள். 13, 14 வயதுக்கு ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் கூடாது. 20 வரை எறிந்தால் மறுநாளே எறியலாம். 35 வரை என்றால் ஒரு நாள் ஓய்வு, 50 வரை இரண்டு, 65 வரை மூன்று, 66ஐத் தொட்டால் நான்கு நாள். அதே ஆட்டத்தில் பிட்சரைக் கேட்சராகவும் நிறுத்தக் கூடாது, கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறவன்தான். எங்கள் பையன் 118ஐத் தாண்டிவிட்டு, ஓய்வே இல்லாமல் மறுநாள் காலை வந்து நின்றான்.

நான் அவனை பெஞ்சில் உட்காரவைத்தேன். எதிரணிக்காரர்களுக்கே ஆச்சரியம். இரண்டாவது பிட்சர் மெதுவாக எறிவான், ஆனால் கேட்சர் காட்டிய இடத்தில் போடுவான். மூன்று இன்னிங்ஸ் தாக்குப்பிடித்தான். நான்காவதில் வரிசையாக வாக் கொடுத்து, பேஸ் நிரம்பி, ஒரு நீள அடி. 9-3. கூட வந்திருந்த பெற்றோர் ஒருவர் எனக்குக் கேட்கும்படியாகவே, “சாஃப்ட்பால் ஆடினவங்களுக்கு இது எப்படித் தெரியும்” என்றார். சாஃப்ட்பாலில் கீழ்க்கையாக எறிகிறோம். தோளும் முழங்கையும் எங்களுக்கும் இருக்கின்றன.

ஜப்பானில் 2019 ஜூலையில் நடந்ததை அவர் படித்திருக்க மாட்டார். ஒஃபுனாதோ என்கிற கடலோர ஊரின் பள்ளி. 35 வருடங்களுக்குப் பிறகு கோஷியென் தேசியப் போட்டிக்குப் போக ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. அவர்களிடம் ரோகி சசாகி இருந்தான், மணிக்கு 163 கிலோமீட்டர் எறிந்த பையன். முந்தின நாள் செமிஃபைனலில் 129 பந்து எறிந்திருந்தான். பயிற்சியாளர் யோஹெய் கொகுபோ இறுதி ஆட்டத்தில் அவனை இறக்கவே இல்லை. 12-2 என்று தோற்றார்கள். பள்ளிக்கு போன் போட்டுத் திட்டினார்கள், நாடே இரண்டுபட்டுப் பேசியது. அந்தப் பையன் 2022 ஏப்ரல் 10 அன்று, 20 வயதில், எதிரணியில் ஒருவரைக்கூட பேஸுக்கு விடாமல் 105 பந்தில் ஒரு முழு ஆட்டத்தை முடித்தான். 19 பேர் ஸ்டிரைக் அவுட். 2025இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குப் போனான். கொகுபோ செய்தது சரி என்று சொல்ல இது ஒன்றும் நடந்திருக்க வேண்டியதில்லை. அவன் அதன்பிறகு ஒரு பந்துகூட எறியாமல் போயிருந்தாலும் அது சரிதான்.

எங்கள் பையனுக்கு அடிமாலியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இரண்டு முழங்கைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டினார். ஆறு வாரம் எறியக் கூடாது என்றார். சீசன் அதற்குள் முடிந்துவிட்டது. அவன் அம்மா ஒரு நாள் கொழுந்துக்குப் போகாமல் கூட வந்தார், அன்றைய கூலி போயிற்று. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஆடாத ஒரு பையனையோ பெண்ணையோ எண்ணுவதற்கென்றே உட்காரவையுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கோடு, ஃபவுலுக்கும் சேர்த்து. இன்னிங்ஸ் முடிந்ததும் எண்ணை உங்களிடம் உரக்கச் சொல்ல வேண்டும். 50 வந்தால் அடுத்த பிட்சர் கை சூடேற்றத் தொடங்க வேண்டும். அதற்காகவே ஜூனிலிருந்து மூன்று பிட்சர்களையாவது வளர்த்து வையுங்கள், ஒருவனை நம்பி சீசன் நடத்தாதீர்கள். ஆட்டம் முடிந்த ராத்திரி வீட்டுக்கு போன் செய்து, எந்தக் கையால் சாப்பிட்டான் என்று கேளுங்கள். வலிக்கிறதா என்று பையனிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான், ஆடவிடமாட்டார்களோ என்று அவனுக்குப் பயம்.

சீனியர் டீம் ஆள் கேட்டு வரும், உங்களிடமும் வரும். வாய்ப்பேச்சில் கொடுக்காதீர்கள். தேதி, எத்தனை பந்து, யார் எண்ணுவது என்று அந்த நோட்டிலேயே எழுதி, கேட்கிறவரின் கையெழுத்தை வாங்குங்கள். அதன் கீழே பையனின் அம்மாவோ அப்பாவோ போட வேண்டும். எங்கள் பையன் இப்போது முப்பது அடி தூரத்தில் மெதுவாக எறியத் தொடங்கியிருக்கிறான். வரும் ஜூனில் அவனைக் கேட்டு வருகிறவர்கள் என்னிடம் வர வேண்டாம். சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு லயத்துக்குப் போய் அவன் அம்மாவிடம் கேட்கட்டும்.