விவாகரத்து மனுவில் குழந்தை எங்கே?

கேள்வி: எனக்குத் திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. குழந்தை இல்லை. என் அக்காவின் மூன்றாவது மகளை, எட்டு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது, வீட்டில் சொந்தபந்தங்களை அழைத்துத் தத்தெடுத்துக்கொண்டோம். 20 ரூபாய் ஸ்டாம்பு பேப்பரில் எழுதி நோட்டரி முத்திரையும் வாங்கியிருக்கிறோம். பிறப்புச் சான்றிதழில் இன்னும் அக்கா பெயர்தான். பள்ளியில் அப்பா, அம்மா என்று எங்கள் பெயர். மகளுக்கு இப்போது ஆறு வயது. கணவர் பிரிந்துபோய் இருபது மாதமாகிறது. பேசிப் பிரிந்துவிடலாம் என்கிறார். ஒரு வக்கீல், "தத்து, விவாகரத்து ரெண்டுக்கும் சேர்த்து ஒரே தொகை. மூணு மாசத்துல முடிச்சிடலாம். உங்க வீட்டுக்காரர் தரப்பையும் நானே பார்த்துக்கறேன்" என்கிறார். இன்னொருவர், "முதல்ல விவாகரத்து வாங்குங்க, அப்புறம் தனியாளா தத்தெடுத்துக்கலாம்" என்கிறார். யாரை வைத்துக்கொள்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: அந்த இருவரில் யாராவது, "குழந்தையை யார் கொடுத்தார்கள், யார் வாங்கினீர்கள், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?" என்று கேட்டாரா? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் கேட்டதாகத் தெரியவில்லை. இதைக் கேட்கிற வக்கீல் கிடைக்கும்வரை எந்த வக்காலத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் ஒயர்கூடையில் கேஸ் கட்டோடு என் அலுவலகத்துக்கு வந்தார். பரஸ்பர சம்மத விவாகரத்து முடிந்து தீர்ப்பும் கையில் இருந்தது. வளர்த்த பையனுக்குப் பள்ளிக் கட்டணம் கேட்டதற்கு, "எனக்குத்தான் குழந்தையே இல்லையே" என்று முன்னாள் கணவர் பதில் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். மனுவைப் புரட்டினேன். ஆங்கிலத்தில் நான்காவது பத்தி: இத்திருமணத்தின் மூலம் வாரிசு யாரும் இல்லை. பழைய மனுவின் வாசகத்தை யாரோ அப்படியே டைப் செய்திருக்கிறார்கள். கீழே இந்த அம்மாவின் கையெழுத்து. அந்த ஒற்றை வரியைச் சரிசெய்ய நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

உங்களுக்கு அப்படி நேரக் கூடாது. நீங்கள் இந்துக்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி, தத்துக்கு உயிரே கொடுத்து வாங்குதல்தான். பெற்றவர்கள் தத்துக் கொடுக்கும் எண்ணத்தோடு பிள்ளையைக் கைமாற்ற வேண்டும். நீங்கள் வாங்க வேண்டும். ஹோமம் செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. பத்திரம் பதிவாகவில்லை என்பதாலேயே தத்து செல்லாமல் போய்விடாது. ஆனால், கொடுத்தவரும் வாங்கியவரும் கையெழுத்திட்டுப் பதிவான பத்திரம் இருந்தால், எதிர்த்தரப்பு பொய்யென்று நிரூபிக்கும்வரை தத்து முறைப்படி நடந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும். அது 16வது பிரிவு தரும் பலம். நோட்டரி முத்திரைக்கு அந்தப் பலம் கிடையாது. அதை வைத்துக்கொண்டு, நடந்ததை நீங்கள்தான் ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டியிருக்கும்.

இப்போது இரண்டாவது வக்கீலின் யோசனைக்கு வருவோம். விவாகரத்தான பெண் தனியாகத் தத்தெடுக்கலாம் என்பது சட்டப்படி சரிதான். ஆனால், ஏற்கெனவே தத்துப் போன குழந்தையை மறுபடி தத்தெடுக்க அதே சட்டம் இடம் தரவில்லை. அன்று உங்கள் வீட்டில் நடந்தது முறையான தத்து என்றால், மகள் ஏற்கெனவே உங்கள் இருவரின் பிள்ளை. செல்லுபடியாகும் தத்தை யாராலும் ரத்து செய்ய முடியாது. 15வது பிரிவு சொல்வது அது. விவாகரத்து ஆனாலும் உங்கள் கணவர்தான் அவளுக்கு அப்பா. படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் அவருக்குக் கடமை உண்டு. அந்த வக்கீலின் யோசனைப்படி போனால், அந்தக் கடமையை நீங்களே கைவிட்டு, நடந்த தத்தை நடக்காதது என்று சொல்லியாக வேண்டும். அன்று நடந்தது தத்தே இல்லை, சும்மா வளர்க்கக் கொடுத்தார்கள் என்பது உண்மையாக இருந்தால்தான் அவர் வழி சரி. இரண்டில் எது என்று உங்கள் காகிதங்களைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. அவர் பார்க்காமலே சொல்லியிருக்கிறார்.

அந்த ஸ்டாம்பு பேப்பரை எடுத்துப் பாருங்கள். அக்காவோடு அவர் கணவரும் கையெழுத்திட்டிருக்கிறாரா? பெற்றோரில் ஒருவர் கொடுக்க மற்றவர் சம்மதம் வேண்டும். உங்கள் கணவர் கையெழுத்து இருக்கிறதா? மணமான பெண் கணவர் சம்மதம் இல்லாமல் தத்தெடுக்க முடியாது. பணம் ஏதும் கைமாறியதாக ஒரு வரி இருந்தால் உடனே வக்கீலிடம் காட்டுங்கள். தத்துக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். அன்றைய போட்டோக்கள், வந்திருந்த பெரியவர்களின் பெயர்கள், பள்ளிச் சேர்க்கைப் படிவம் எல்லாவற்றையும் திரட்டுங்கள்.

கணவர் இப்போது இணக்கமாக இருப்பது உங்களுக்கு நல்ல நேரம். அக்கா, அவர் கணவர், நீங்கள், உங்கள் கணவர் நால்வரும் சார்பதிவாளர் அலுவலகம் போய், இன்ன தேதியில் தத்து நடந்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதிப் பத்திரம் பதிவு செய்யுங்கள். தேதியை மாற்றி எழுதலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விவாகரத்து மனு அதற்குப் பிறகுதான். அதில் மகளின் பெயர், யாரிடம் வளர்வாள், அப்பா எப்போது வந்து பார்ப்பார், மாதம் எவ்வளவு தருவார் எல்லாம் இருக்க வேண்டும்.

முதல் வக்கீல் சொன்ன மூன்று மாதக் கணக்குக்கும் மகள் விஷயத்துக்கும் சம்பந்தம் உண்டு. பரஸ்பர சம்மத மனு போட ஓராண்டாவது பிரிந்திருக்க வேண்டும். போட்ட பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மனு போடுமுன்பே ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்தால், அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் அமர்தீப் சிங் வழக்கில் சொன்னது. உங்களுக்கு இருபது மாதம் ஆகிவிட்டது. ஆனால், ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உள்ள நிபந்தனை. மகள் விஷயம் அந்தரத்தில் தொங்கும்போது சலுகை எப்படிக் கிடைக்கும்? கிடைத்தாலும் அது நீதிபதியின் முடிவு. வக்கீல் வாக்குக் கொடுக்கிற சரக்கு அல்ல அது.

இருவருக்கும் ஒரே வக்கீல் என்பதை நான் ஏற்கமாட்டேன். கூட்டு மனுவில் பல ஊர்களில் நடப்பதுதான். ஆனால் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விவகாரத்தில் மறுதரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. நாளை மகளின் செலவு விஷயத்தில் முறுகல் வந்தால் அவர் யார் பக்கம் நிற்பார்? உங்களுக்கென்று ஒருவர் வேண்டும். தத்துக்கு ஒருவர், விவாகரத்துக்கு ஒருவர் என்று பிரிக்கவும் வேண்டாம். இரண்டு விஷயமும் ஒருவர் கண்ணிலேயே இருக்கட்டும்.

அப்படி ஒருவரை எப்படித் தேடுவது? விளம்பரத்தில் தேடாதீர்கள், வக்கீல்கள் விளம்பரம் செய்யவே விதி தடுக்கிறது. ஒரு நாள் காலை பத்தரை மணிக்குக் குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் போய் உட்காருங்கள். கேஸ் கூப்பிடும்போது யார் நேரில் வருகிறார், யார் ஜூனியரை அனுப்பி வாய்தா வாங்குகிறார் என்பது ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும். இதைச் சொல்வதற்காக என் தோழர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

கட்டணத்தைப் பேசி, கட்டம் கட்டமாக எழுதி வாங்குங்கள். குமாஸ்தா செலவு தனியா என்று கேளுங்கள். கிடைக்கும் ஜீவனாம்சத் தொகையில் பங்கு கேட்பது விதிப்படி தவறு. அசல் காகிதங்களைக் கொடுக்காதீர்கள். நகல் போதும், அசல் சாட்சி நாளன்று போதும். வெள்ளைத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். வழக்கு எண் விழுந்ததும் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் வாய்தா தேதியை நீங்களே பாருங்கள். வக்கீலை மாற்ற நேர்ந்தால், பாக்கிப் பணத்துக்காக அவர் கேஸ் கட்டைப் பிடித்துவைக்க முடியாது. 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதைப் படிக்கும் கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு மேலே சொன்ன 1956 சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு வழி 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம்; 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே தத்து உத்தரவு போடுகிறார். எந்த மதத்தவரானாலும், ஆஸ்பத்திரி வாசலில் "பிள்ளை இருக்கு" என்று வருகிற தரகரிடம் பேச்சே வேண்டாம். குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் உண்டு.

பணம் தடையாக இருந்தால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். தொலைபேசி எண் 15100.