பங்குக் கிணற்றுத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுப்போர் அறியவேண்டியவை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சொந்தத் தோட்டக் காணி இல்லாதோரும், உள்ள காணி போதாதோரும் பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம், மிளகாய், கத்தரி முதலியவற்றைச் செய்கை பண்ணுவது நெடுநாள் வழக்கமாகும். இத் தோட்டங்கள் பெரும்பாலும் சிறு துண்டுகள். பல துண்டுகளுக்கு ஒரே கிணறு. ஆகவே குத்தகைக்காரர் பெறுவது மண் மாத்திரமன்று. கிணற்று நீரில் ஒரு பங்குமாகும். "ஒரு வருடந்தானே" என எண்ணிச் செய்யும் செய்கை இவ்விரண்டையும் கெடுக்கும். அதனைத் தவிர்க்கும் வழிகளைக் கீழே காண்க.

1. காணியைத் தெரிதல்

ஆவணி, புரட்டாதி மாதங்களிற் கிணற்றைப் பாருங்கள். மாரி மழைக்கு முன் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும். உவர் இருப்பின் அப்போதே வெளிப்படும். முந்திய இரு போகங்களிலும் என்ன பயிர் செய்யப்பட்டது, வாடல் நோய் கண்டதா என்பவற்றை அயலவரிடம் கேளுங்கள். உரிமையாளருடன் எல்லையைச் சுற்றி நடந்து பரப்பை அளவுங்கள். 16 பரப்பு ஓர் ஏக்கராகும்.

2. உடன்படிக்கை

வாய்ப்பேச்சை மாத்திரம் நம்பற்க. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளுடன் எழுதப்படல் வேண்டும். குத்தகைப் பணம், காலம், தண்ணீர் முறை, கிணறு இறைத்துத் துப்புரவு செய்யும் செலவு ஆகியவற்றைத் தெளிவாக எழுதுவியுங்கள்.

காலம் மூன்று வருடமாவது இருத்தல் நன்று. இவ்வருடம் இட்ட எருவின் பயனில் ஒரு பகுதி அடுத்த வருடத்திலேயே கிடைக்கும். ஒரு வருடத்தில் வெளியேற வேண்டியவர் எருவிடத் தயங்குவார்; அவருக்குப் பின் வருபவரும் அவ்வாறே தயங்குவார். இறுதியில் உரிமையாளருக்கு எஞ்சுவது வெறும் மண்ணே. ஆகவே நீண்ட குத்தகை இருவருக்கும் இலாபமாகும்.

3. தண்ணீர் முறை

குடாநாட்டின் நன்னீர், மழையால் சுண்ணாம்புப் பாறையிற் சேர்ந்து உவர்நீரின்மேல் மிதப்பதாகும். துலாவால் இறைத்த காலத்தில் மனித வலிமையே நீருக்கு அளவாயிருந்தது. இயந்திரத்துக்கு அவ்வளவு இல்லை. மிகையாக இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலெழும். ஒருவர் செய்த தவறால் பங்காளர் அனைவரும் இழப்பர். உங்கள் முறை நாளில் மாத்திரம், காலையிலோ மாலையிலோ இறையுங்கள். வாய்க்காலிற் களை செதுக்கி, உடைப்பை அடையுங்கள். வெங்காயத்தின் வேர் ஆழமாய்ச் செல்லாது. அதற்கு அளவாக, அடுத்தடுத்து நீர் விடுதலே பயன் தரும்.

4. எருவும் உரமும்

நிலம் பண்படுத்துகையில் நன்கு உக்கிய மாட்டெருவை ஏக்கருக்கு நான்கு தொன் வரையில் இட்டுக் கொத்துங்கள். பூவரசு, கிளிசரிடியாக் குழையையும் தாழ்க்கலாம். யூரியாவை ஒரே தடவையில் இடாது, சிபார்சு செய்யப்பட்ட அளவைப் பிரித்து இடுக.

மிகையான உரம் நைத்திரேற்றாக மாறி, பாறை வெடிப்புகளினூடாகக் கிணற்றை அடைகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அதனை மீறிய கிணறுகள் குடாநாட்டிற் காணப்பட்டுள்ளன. இந்நீர் கைக்குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. தோட்டத்துக் கிணற்றிலிருந்தே பல வீடுகளுக்குக் குடிநீர் செல்வதை மறவாதீர்.

5. பயிர் மாற்றம்

மிளகாய், கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியன ஒரே குடும்பத்தன. ஒன்றன்பின் ஒன்றாக இவற்றை நட்டால் வாடல் நோயும் வேர்முடிச்சுப் புழுவும் பெருகும். இடையில் வெங்காயமோ குரக்கனோ இடுக. பயறு, உழுந்து விதைத்தால் அவற்றின் வேர் முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும்.

6. காணியை ஒப்படைத்தல்

தவணை முடிவில் நோயுற்ற செடிகளை வேரோடு பிடுங்கி எரியுங்கள். வரம்பையும் வாய்க்காலையும் திருத்துங்கள். எவ்வாறு பெற விரும்பினீர்களோ அவ்வாறே காணியைக் கொடுங்கள். நல்ல குத்தகைக்காரர் எனப் பெயர் பெற்றவரைத் தேடி உரிமையாளரே வருவார்.

மண் பரிசோதனை, உர அளவு ஆகியன பற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.